மாரியில் றோட்டா, வீடா? யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரருக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்து முதல் பெருமழை விழுந்த கையோடு, விடியப்புறத்தில் பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் ஓடுகிற றேஸ் சைக்கிள்கள் குறையத் தொடங்கிவிடும். கார்த்திகையில் இன்னும் குறையும். தைப்பொங்கல் கழிந்து வெயில் கொஞ்சம் உறைத்த பிறகுதான் பலர் சைக்கிளைத் திரும்ப வெளியே எடுப்பார்கள். இடையில் போவது மூன்று மாதம். வருஷம் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்த கால்பலத்தையும் மூச்சையும் அந்த மூன்று மாதத்தில் கரையவிடுவதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

மாரி முழுக்க றோட்டிலேயே ஓடுவதா, வீட்டுக்குள் ட்ரெயினர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற சட்டம்) பூட்டி மிதிப்பதா என்று இளம் பொடியள் அடிக்கடி கேட்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு றோட்டுத்தான் முதல். றோட்டில் இறங்கக் கூடாத நாட்களுக்கு மட்டும் வீடு. காசையும் அதே வரிசையில்தான் செலவழிக்க வேண்டும்: முதலில் லைற், மட்காட், நல்ல ரயர், நல்ல பிறேக் கட்டை, மிச்சம் இருந்தால் வீட்டுக்கு ஏதாவது.

இணையத்தில் வருகிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை பனி விழும் நாட்டுக்காரருக்குச் சொல்லப்படுபவை. ஒஸ்லோவில் டிசம்பர் 21ஆம் திகதி பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. றோட்டில் ஐஸ் கட்டிக் கிடக்கும். வெளியே ஓடுபவர் ஆணி பதித்த ரயர் போட்டுத்தான் ஓடுவார். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் உறவுக்காரர் மாரிக்கு ட்ரெயினர் வாங்கி நிலவறையில் வைப்பது அவர்களுக்கு முழுக்கச் சரி. இங்கே அதே டிசம்பரில் பகல் பதினொன்றரை மணித்தியாலம். விடியற்காலையில் 22, 23 பாகை. நனைந்தால் உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான். மேலே விழுகிற மழையை விட, மழை றோட்டில் விட்டுப்போகிற வெள்ளமும் மின்னலும் இருட்டும்தான் எங்களுக்கு ஆபத்து. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினால், எந்த நாளில் எங்கே ஓடுவது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

அதற்கு முன், ஓட்டத்தை நிறுத்தினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், பழைய வேகத்துக்கே கூடுதலாகத் துடிக்க வேண்டி வருகிறது. நன்றாகப் பயின்ற ஒருவர் நான்கு கிழமை சும்மா இருந்தால், உடம்பு ஒட்சிசனை எடுக்கிற உச்ச அளவு பத்தில் ஒரு பங்கு வரை விழக்கூடும். ஆனால் இருப்பதைக் காப்பாற்றத் தேவைப்படுவது ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்தான். அமெரிக்காவில் ரொபர்ட் ஹிக்சன் 1980களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வு ஒன்றில், கிழமைக்கு ஆறு நாள் கடுமையாகப் பயின்றவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும் பதினைந்து கிழமை அந்த உச்ச அளவை இழக்காமல் இருந்தார்கள். அந்த இரண்டு நாளிலும் பழைய கடுமை குறையவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பிறகு வேறொரு ஆய்வில் கடுமையைக் குறைத்துப் பார்த்தபோது அளவு விழுந்தது. பதினைந்து கிழமை என்றால் எங்கள் மாரியை விட நீளம். ஆக, கிழமைக்கு இரண்டு நல்ல ஓட்டம் கிடைத்தால் தைப்பொங்கலுக்கு நீங்கள் புரட்டாதியில் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

அந்த இரண்டு ஓட்டமும் றோட்டில் கிடைக்குமா? பெரும்பாலான கிழமைகளில் கிடைக்கும். மாரி மூன்று மாதமும் ஓயாமல் கொட்டுவதில்லை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகும், இரண்டு மூன்று நாள் ஊற்றும், அப்புறம் சில நாள் வெளித்துக் கிடக்கும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி மாதிரிப் புயல் வந்த நாட்களில் சைக்கிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியான நாட்கள் கொஞ்சம்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை இரவு ஒருதரம் பார்த்துவிட்டுப் படுத்தால், விடிய எழும்பி யோசிக்கத் தேவையில்லை.

எந்த நேரத்தில் ஓடுகிறோம் என்பது இன்னும் பெரிய விஷயம். ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் அதிகம் வருவது பிற்பகலிலும் மாலையிலும். நவம்பர் நடுப்பகுதியில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து ஐந்து மணிக்குப் புறப்படுகிறவருக்கு மின்னலும் இருட்டும் ஒன்றாக வந்து சேரும். காலையில் ஆறேகாலுக்குப் பிறகு புறப்படுகிறவருக்கு இரண்டுமே பெரும்பாலும் இல்லை. காலை ஓடக்கூடியவருக்கு றோட்டு, மாலை மட்டும்தான் முடியும் என்பவருக்கு வீடு என்று நான் பிரிப்பது இதனால்தான்.

மின்னல் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வல்லைவெளியில், செம்மணியில், பண்ணைப் பாலத்தில் சைக்கிளில் போகிறவர்தான் அந்த வெளியில் உயரமான பொருள். மின்னல் தெரிந்து முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால், கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். மரத்துக்குக் கீழே ஒதுங்குவது பாதுகாப்பு இல்லை, அது பனையாக இருந்தாலும் ஆலாக இருந்தாலும்.

வெள்ளத்துக்கு வருவோம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். எங்கள் ஊரில் மழை விட்டும் வெள்ளம் விடாது. குடாநாடு தட்டை நிலம், தண்ணீர் ஓட இடம் தேடி நிற்கும். வழுக்கை ஆற்றை அண்டிய நவாலி, அராலிப் பக்கங்களிலும் கப்பூது வெளியிலும் வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் வடிய நாளெடுக்கும். நான் கடைப்பிடிப்பது ஒரே விதி: தார் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதற்குள் சைக்கிளை விடுவதில்லை. 25 மில்லிமீற்றர் ரயரில், தண்ணீருக்குள் மறைந்த ஒரு குழி போதும் றிம் நெளிய, அல்லது ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போக.

இன்னொன்று எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சலால் உயிர்கள் போனதை நாங்கள் மறக்கக் கூடாது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கிருமி இருக்கும். தோலில் உள்ள காயம், கீறல் வழியாக உள்ளே போகும். சில்லு தெறித்து விடுகிற வெள்ளம் காலில், வாயில், தண்ணீர்ப் போத்தலில் குடிக்கிற இடத்தில் எல்லாம் படும். இதனால்தான் மட்காட் அழகுக்குப் பூட்டுகிற சாமான் அல்ல என்று சொல்லுகிறேன். மூடி போட்ட போத்தல் கொண்டுபோக வேண்டும், வீடு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், காலில் ஆறாத காயம் இருந்தால் வெள்ளம் உள்ள பக்கம் போகவே கூடாது. ஓடி ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வெள்ளத்தில் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். டெங்கும் இதே மாதங்களில்தான் தலைதூக்கும். காய்ச்சல் உள்ள உடம்போடு றோட்டிலும் மிதிக்கக் கூடாது, வீட்டிலும் மிதிக்கக் கூடாது.

சரி, ஆபத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் றோட்டின் அருமை தெரியாது. அந்த அருமையின் பெயர் வாடைக்காற்று. எங்கள் குடாநாட்டில் மேடு கிடையாது. மலை ஏறிப் பயில ஆசைப்படுகிறவருக்கு இங்கே காற்றுத்தான் மலை. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வருகிற வாடையில் பருத்தித்துறை வீதியால் வல்லைவெளிக்குப் போய்ப் பாருங்கள். காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். கியரை இரண்டு பல்லு இறக்கி, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி, ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டு அந்த வெளியைக் கடப்பது எந்த ட்ரெயினரும் தராத பயிற்சி. பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்து முன்சில்லைத் தள்ளும்போது, கையை இறுக்காமல் உடம்பால் சமாளிக்கிற பழக்கமும் அங்கேதான் வரும்.

பாதையைத் தெரிவுசெய்யும்போதும் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். மாரியில் நான் காங்கேசன்துறைப் பக்கமோ பருத்தித்துறைப் பக்கமோதான் போவேன். போகும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். பண்ணையால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று போனால் எல்லாம் தலைகீழ். போகும்போது பறக்கலாம், திரும்பும்போது இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு சுவர் இல்லை, காற்று முகத்தில், கறுத்து வருகிற முகில் முன்னால். தீவுப்பக்கப் பாதைகளை மாரியில் நல்ல வெளித்த நாளுக்கு, அதுவும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது பிறேக். பழைய லுமாலா மாதிரிச் சைக்கிள்களின் இரும்பு றிம் நனைந்தால் பிறேக் பிடித்தும் பிடிக்காத மாதிரித்தான். அலுமினியம் றிம் பரவாயில்லை. டிஸ்க் பிறேக் இருந்தால் நிம்மதி. எந்த றிம் பிறேக் என்றாலும், நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே லேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். ரயரில் காற்றை வழமையை விட ஐந்து, பத்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிமானம் கூடும். ஈரத்தில் ஓட்டை விழுவதும் கூடும்: தண்ணீர் பட்ட றப்பரில் கண்ணாடித் துண்டும் கூரான கல்லும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு ரியூப் கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும்.

காங்கேசன்துறை வீதிப் பக்கம் ஓடுகிறவர் புகையிரதக் கடவைகளைக் கவனிக்க வேண்டும். நனைந்த தண்டவாளம் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். சரிவாகக் கடந்தால் சில்லு இழுபட்டுவிடும்; நேர்குறுக்காக, பிறேக் தொடாமல், பெடல் மிதிக்காமல் கடக்க வேண்டும். இருட்டில் இன்னோர் ஆபத்து மாடுகள். வயலும் வளவும் வெள்ளமானால் அவை ஈரமில்லாத இடம் தேடித் தார் றோட்டில்தான் வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த தார், எதிரே மினிபஸ்ஸின் லைற். முன்னால் றோட்டைக் காட்டக்கூடிய லைற்றும் பின்னால் சிவப்பு லைற்றும் மாரிக்கு வாங்க வேண்டிய முதற் சாமான்கள் என்று நான் சொல்வது அந்தக் காட்சியை நினைத்துத்தான்.

ஓடி வந்ததும் உள்ள வேலை பத்து நிமிஷம். வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றி மணலைக் கழுவி, சைக்கிளை இரண்டு தரம் நிலத்தில் தட்டித் தண்ணீரை உதற வேண்டும். பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கம் சுற்றினால், முதலில் கறுப்பாக வரும், அப்புறம் சாம்பல் நிறமாக வரும், கடைசியில் துணியில் ஒன்றும் ஒட்டாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய், திரும்பவும் ஒரு துடைப்பு. பண்ணைப் பக்கம் போய் வந்தால் உப்பு ஒட்டியிருக்கும். அன்றைக்கே செய்யாவிட்டால் மறுநாள் செயின் செம்மண் நிறத்தில் இருக்கும்.

இனி வீட்டுக்குள் வருவோம். வீட்டில் மிதிப்பதைச் சிலர் விளையாட்டாக எடுக்கிறார்கள். அது பிழை. அவுஸ்திரேலியச் சைக்கிளோட்ட வீரர் மத்தியூ ஹேமன் 2016 பெப்ரவரியில் கை முறிந்து, றோட்டில் ஓட முடியாமல் வீட்டு கராஜில் ட்ரெயினரில் மிதித்துப் பயின்றார். அந்த ஏப்ரலில் பிரான்ஸின் பெயர்பெற்ற பாரிஸ்-ரூபே றோட்டுப் பந்தயத்தை வென்றார். 2020 டிசம்பரில், இங்கே புரெவி அடித்த அடுத்த கிழமை, சைக்கிளோட்டத்தின் முதலாவது மின்விளையாட்டு (ஈ-ஸ்போர்ட்ஸ்) உலக சம்பியன் போட்டி, ட்ரெயினரில் மிதித்தபடி இணையத்தில் போட்டியிடுகிற ஸ்விஃப்ட் செயலியில் நடந்தது; ஆண்களில் வென்ற ஜேசன் ஒஸ்போர்ன் ஒரு படகோட்ட வீரர். ஆகவே கால்பலமும் மூச்சும் வீட்டுக்குள் வளரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கடுமையான குறுகிய பயிற்சிக்கு வீடு றோட்டை விட நல்லது என்றுகூடச் சொல்வேன். நாலு நிமிஷம் உச்சத்தில் மிதி, மூன்று நிமிஷம் ஆறு, திரும்ப நாலு நிமிஷம் என்று றோட்டில் செய்யப் போனால் இடையில் ஒரு நாயோ முச்சக்கர வண்டியோ குறுக்கே வரும்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் வருகிற முதல் சிக்கல் வெக்கை. பெடலுக்கு 150 வாட் கொடுக்கிறவரின் உடம்பு அதற்கு மேல் 500 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மனித உடம்பின் அமைப்பு அப்படி. றோட்டில் ஓடும்போது எதிரே வரும் காற்று அதை எடுத்துப் போய்விடும். மூடின அறையில், மாரியின் ஈரப்பதத்தில், வேர்வை காயாது. சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழும், உடம்பு குளிராது, இதயம் வீணாக அடிக்கும். குளிர்நாட்டுக்காரருக்கு இல்லாத பிரச்சினை இது. இதற்கு எங்களிடம் நல்ல மருந்து இருக்கிறது: முன் விறாந்தை. கூரை உண்டு, மூன்று பக்கமும் காற்று உண்டு. அங்கே வைத்து, முன்னால் ஒரு மின்விசிறியையும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஹாண்டிலில் ஒரு துவாய் கட்டாயம் போட வேண்டும். வேர்வையில் உள்ள உப்பு ஆணிகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல் மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் காற்றும் மழையும் பலத்தால், கம்பியில் ஒரு தென்னை மட்டை விழுந்தாலே கரண்ட் போய்விடும். நீங்கள் வீட்டில் மிதிக்க நினைக்கிற நாளும் கரண்ட் போகிற நாளும் பெரும்பாலும் ஒரே நாள். மின்சாரத்தால் இறுக்கத்தை மாற்றுகிற ஸ்மார்ட் ட்ரெயினர் அன்றைக்குச் சரியாக வேலை செய்யாது, மின்விசிறியும் சுற்றாது, இணையமும் வராது. விலை உயர்ந்த, பின்சில்லைக் கழற்றிப் பூட்டுகிற வகையை நான் இங்கே ஒருவருக்கும் சிபாரிசு செய்யாததற்கு முதற் காரணம் இதுதான். அளவுகள் துல்லியமாகக் காட்டும், சத்தம் குறைவு, ரயர் தேயாது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காசுக்கு இங்கே ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம். ஸ்விஃப்ட்டுக்கு மேலதிகமாக மாதம் 19.99 டொலர் கட்ட வேண்டும், அதே மாதிரியான மைவூஷ் செயலி இலவசம்.

பின்சில்லை ஓர் உருளையில் அழுத்தி வைக்கிற சாதாரணக் காந்த ட்ரெயினர் பலருக்குப் போதும். கரண்ட் வேண்டாம், இறுக்கத்தைக் கையால் மாற்றலாம். பின் ரயர் விரைவில் தேயும், அதனால் பழைய ரயர் ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் பின்சில்லின் அச்சைப் பாருங்கள். இந்த ட்ரெயினர்கள் குவிக் றிலீஸ் அச்சுக்கு, அதாவது சாவி இல்லாமல் கையால் நெம்பிக் கழற்றுகிற அச்சுக்குச் செய்யப்பட்டவை. இரண்டு பக்கமும் நட்டுப் போட்ட அச்சுக்குத் தனி நட்டு வேண்டும். 28க்கு ஒன்றரைச் சில்லுள்ள பழைய பெரிய சைக்கிளைப் பல ட்ரெயினர்கள் ஏற்காது.

என் மனதுக்கு மிகப் பிடித்தது ரோலர். மூன்று உருளை, முன் உருளையைச் சுற்ற ஒரு பட்டி, ஒரு சட்டம். சைக்கிளை எதிலும் பூட்டுவதில்லை. மேலே ஏறி ஓட வேண்டும். எந்த அச்சாக இருந்தாலும் சரி, கரண்டும் தேவையில்லை. அமைப்பு அவ்வளவு எளிமை என்பதால், லேத் உள்ள ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்விக்கவும் இயலும். உருளைகள் வட்டம் பிசகாமல் இருப்பது மட்டும் முக்கியம். உருளை சிறிதானால் இறுக்கம் கூடும். தொடக்கத்தில் விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு பழக வேண்டும். கண்ணை முன்சில்லில் வைத்தால் விழுவீர்கள். ஐந்தாறு அடி தள்ளி ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். பழகிவிட்டால் பெடல் சுற்று உருண்டு வரும், உடம்பு ஆடாது. எழும்பி நின்று இழுக்கிற உச்ச மிதிக்கு மட்டும் ரோலர் சரிப்படாது. ஜிம்மில் உள்ள ஸ்பின் சைக்கிள் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. சீற்றின் உயரத்தை உங்கள் சைக்கிளின் அளவுக்கு வைத்துவிட்டு மிதியுங்கள்.

ஆளுக்கு ஆள் முடிவு மாறும். பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் நாளும் பொழுதும் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு ட்ரெயினர் தேவையே இல்லை. லைற்றும் பிறேக் கட்டையும் வாங்கிக் கொடுங்கள். பந்தயத்துக்குப் பயில்கிறவருக்கு இரண்டும் வேண்டும்: கிழமை நாளில் ஒரு கடுமையான பயிற்சி விறாந்தையில், ஞாயிறு காலை நீண்ட ஓட்டம் றோட்டில். மாலையில் மட்டும் நேரம் உள்ளவர் கிழமை நாட்களை வீட்டுக்குக் கொடுக்கட்டும். விடியப்புற இருட்டில் தனியாக வெளிக்கிட விரும்பாத பெண்களிடம் தைரியம் சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாக வெளித்த பிறகு கூட்டாக ஓடுவதும், முடியாத நாளில் வீட்டில் மிதிப்பதும் நியாயமான தெரிவு. ஐம்பது தாண்டி, பிரஷரும் சீனியும் உள்ளவர்கள் ஈர றோட்டில் விழுந்தால் எழும்ப நாளெடுக்கும். அவர்களுக்கு மாரியில் வீடுதான் முதல், அதுவும் வைத்தியரைக் கேட்டுவிட்டு, மெல்லிய இறுக்கத்தில்.

தாழமுக்கம் கடந்த முதற் காலையில் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பெரிய வீதிகள் மட்டும். ஒழுங்கைகளும் வெளிகளும் வேண்டாம். முறிந்த கிளை, அறுந்து தொங்குகிற கம்பி, ஓரத்தில் அரித்துப்போன தார் எல்லாம் அன்றைக்குத்தான் கிடக்கும். அறுந்த கம்பிக்குக் கிட்டப் போகவே வேண்டாம். வேகம் பார்க்காமல் ஓடி, எந்தச் சந்தியில் தண்ணீர் நிற்கிறது, எது வடிந்துவிட்டது என்று பார்த்துக் கூட ஓடுகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அடுத்த மழை வரும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று அதை வைத்துத் தீர்மானிக்கலாம்.